முகவரி இல்லாத வீடும் முதலாளி இல்லாத தொழிலாளியும்

கண்டி மாநகரைக் கடந்து, அம்பிட்டிய வழியாகத் தலாத்து ஓயாவுக்கு ஏறும் வீதியில் நாள்தோறும் காலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் புறப்படுகின்றன. பின்னிருக்கையில் ஆளுயரப் பை. பைக்குள் கைபேசி, சேலை, பாடநூல், மருந்து, மரக்கறி விதை என்று பலரின் பொருள்கள். ஓட்டுபவர் பெரும்பாலும் இளைஞர். நகரத்தார் வாயிற்படியில் நின்று கையொப்பமிட்டு வாங்கும் பொதியை மலைநாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பவர் இவரே. இவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. பொதி தாமதமானால் மட்டுமே இவர் நம் நினைவுக்கு வருகிறார், அதுவும் ஏசுவதற்காக.

அம்பிட்டியக் குருமடத்தை அண்டிய பகுதிகளில் இவரது வேலை எளிது. வீட்டுக்கு இலக்கம் உண்டு. ஒழுங்கைக்குப் பெயர் உண்டு. மேலே ஏற ஏற இலக்கம் மறைகின்றது. தேயிலை தொடங்கும் இடத்தில் முகவரி முடிகின்றது. "இன்னார், மேற்பிரிவு, இன்ன தோட்டம்" என்பதே பொதியின்மேல் எழுதியிருக்கும் முழு விலாசம். ஒரு பிரிவில் எத்தனை லயங்கள்! ஒரே பெயருடையோர் எத்தனை பேர்! தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாமென்றால், பள்ளத்தாக்கில் இறங்கியதும் அலை அறுந்துவிடுகின்றது. கொழுந்து பறிக்கும் அம்மாள் மலையில் நிற்கிறார். வீட்டில் ஆள் இல்லை. பொதி திரும்புகின்றது. கையளித்த பொதிக்கே கூலி என்ற முறையில் வேலை செய்பவருக்கு ஏறிய மலையும் எரித்த பெற்றோலும் அன்று வீணே. பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையென்றால், மாலையில் கணக்கு ஒப்புவிக்கும்போது குறைவதும் அவர் தலையிலேயே விழும்.

இந்த அவலத்தில் இரண்டு அநீதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, வாங்குபவருக்கு முகவரி இல்லை. மற்றொன்று, கொண்டுவருபவருக்கு முதலாளி இல்லை.

முதலாவதைப் பார்ப்போம். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832ஆம் ஆண்டிலேயே தபால் வண்டி ஓடியது. ஆசியாவிலேயே முதலாவது என்று அதைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. அதைப் பறித்தவளின் வீட்டுக்கு மட்டும் இலக்கம் கிடையாது. தோட்டத்துத் தபாற்பையைச் சுமக்க ஓர் ஆளை அமர்த்தினார்கள்; பை துரையின் கந்தோருக்குப் போனது. துரை போய்விட்டார், பை போகும் வழி பல தோட்டங்களில் இன்னும் மாறவில்லை. லயத்துக்கு வரவேண்டிய கடிதம் கந்தோர் மேசையில் இறங்கி, யாரோ ஒருவரின் ஓய்வுக்குக் காத்திருக்கின்றது.

இதன் விளைவு என்ன? நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வருகின்றது. அடகு வைத்த நகை ஏலம்போன பிறகு வங்கியின் அறிவித்தல் வருகின்றது. குடியியல் வழக்கின் அழைப்பாணை சாதாரணமாகப் பதிவுத் தபாலில்தான் அனுப்பப்படுகின்றது என்பதை நம் தொழிலைச் சேர்ந்தோர் அறிவர். அது உரியவர் கைக்குச் சேராமலே ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்பட்டால் அதை நீக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் நாட்சம்பளக்காரர் அந்த வழியில் நடக்கச் சட்டத்தரணிக்கும் பேருந்துக்கும் பணம் வேண்டும். எத்தனை நாட்சம்பளத்தை அவர் இழப்பது?

"கைபேசி வந்துவிட்டதே, முகவரி எதற்கு?" என்று சிலர் வினவுகின்றனர். நீதிமன்றம் கைபேசியைப் பார்த்தா அழைப்பாணை அனுப்புகின்றது? அந்த அழைப்புக்குச் செலவாகும் பணம் யாருடையது? முகவரி என்பது ஒருவர் இந்நாட்டில் வாழ்கிறார் என்பதற்கு நாடு கொடுக்கும் ஒப்புகை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களின் பிரசாவுரிமையைப் பறித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கு அதைத் திருப்பி அளித்தது. பிரசையாகிவிட்டார், ஆயினும் அவர் வீட்டுக் கதவுக்கு இலக்கம் இல்லையென்றால் அந்தப் பிரசாவுரிமை கடதாசியில் மட்டும் வாழ்கின்றதன்றோ?

தடை எங்கே இருக்கின்றது? "தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிட முடியாது" என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி வந்தனர். 2018இல் அதுவும் திருத்தப்பட்டது. கம்பனிகளோ நிலத்தின் சொந்தக்காரர் அல்லர். 1992 முதல் தோட்டங்களை ஏற்று நடத்துபவர்களே. கண்டி மாவட்டத்தின் பல தோட்டங்கள் இன்றும் ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் உள்ளன. அரசின் நிலத்தில், அரசின் நிறுவனம் நடத்தும் தோட்டத்தில், அரசின் தபாற்காரர் லயத்துக்குச் செல்ல யாருடைய அனுமதி வேண்டும்? சட்டம் விலகி நிற்கின்றது. மனமே குறுக்கே நிற்கின்றது.

இனி, பொதி சுமப்பவரிடம் வருவோம். விபத்தில் கால் முறிந்தால் "அவர் எமது தொழிலாளி அல்லர், சுயதொழில் செய்பவர்" என்று கைகழுவும் வழக்கம் இத்துறையில் பெருகி வருகின்றது. சுயதொழிலா? எந்தப் பாதையில் போவது, பொதிக்கு என்ன கூலி, தவறினால் என்ன தண்டம் என்பவற்றையெல்லாம் மற்றொருவர் தீர்மானித்தால் அங்கே "சுய" என்பது எது? மோட்டார் சைக்கிளின் தவணைக்கடன் ஒன்றுதான் அவருக்குச் சொந்தம்.

1934ஆம் ஆண்டு முதல் வேலையாட் நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் இருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கு முதலாளியும் 8 பங்கு தொழிலாளியும் செலுத்த வேண்டும். இவற்றைப் போராடிப் பெற்றவர்கள் நம் முன்னோர். இன்று "தொழிலாளி" என்ற சொல்லை அழித்து "பங்காளி" என்று எழுதினால் இத்தனையும் ஆவியாகிவிடுமா? ஒப்பந்தத்தில் வைத்த பெயரை விட்டு, வேலை நடக்கும் இயல்பையே பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2021இல் ஊபர் சாரதிகளின் வழக்கில் தீர்ப்பளித்தது. இராசத்தான் மாநிலம் இத்தகையோருக்கென 2023இல் தனிச் சட்டமே இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டில் நலவாரியம் அமைத்தது. நம் சட்டமன்றம் எதற்காகக் காத்திருக்கின்றது?

2022இல் எரிபொருள் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றே தொடங்கினார்கள். அலுவலகம் போய்வருபவருக்கும் நாள் முழுதும் மலையேறி உழைப்பவருக்கும் ஒரே அளவு! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைச் சிதைத்தபோது மண்சரிவில் வீதிகள் அறுந்தன. வீதி அறுந்தால், பொதிக்குக் கூலி பெறுபவரின் அடுப்பும் அணைகின்றது. அந்நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் கொடுப்பார் யார்?

விவசாயப் பெருமக்களே! உங்கள் விதையும் தெளிகருவியின் உதிரிப்பாகமும் இன்று இவர் தோளில் வருகின்றன. வைத்தியர்களே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே! உங்கள் நூலும் மருந்தும் இவர் கையால் வருகின்றன. இவரது வழக்கு உங்களுடையதும் ஆகும்.

நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் பிரதேச சபை இலக்கமிட்டு, பிரிவுப் பாதைகளுக்கு மக்கள் வழங்கும் பெயரையே பதிய வேண்டும். தபாலும் பொதியும் கந்தோரில் தங்காமல் உரியவர் கைக்கே சேரத் தபால் திணைக்களம் கட்டளையிட வேண்டும். பிறர் கட்டுப்பாட்டில் பொதி சுமப்பவர் தொழிலாளியே என்று சட்டம் தெளிவாகக் கூறி, நட்டஈட்டையும் சேமலாப நிதியையும் அவருக்கு உறுதிசெய்ய வேண்டும். ஆள் இல்லாததால் திரும்பும் பொதிக்கும் நடைக்கூலி வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு வாளி வர்ணமும் ஒரு தூரிகையும் சபையின் ஒரு தீர்மானமுமே போதும். அடுத்த சபைக் கூட்டத்தில் அத்தீர்மானத்தை முன்மொழிபவர் யார், எதிர்ப்பவர் யார் என்று பார்ப்போம். இரு சாராரின் பெயரையும் மக்கள் குறித்துக்கொள்ளட்டும்.