ரோபோ இருக்கட்டும், முதலில் பிரஷ்ஷைப் பாருங்கள்

தலைப்பைப் பார்த்துவிட்டு பல் விளக்குவது பற்றிய பதிவு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பசை பற்றிய பதிவு. அதுவும் கெட்டியான, தூக்கினால் நூல் விடுகிற, கையில் பட்டால் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டிய பசை. அதை இயந்திரம் வைத்துத் தடவுவது எப்படி என்பதுதான் விஷயம். கொஞ்சம் ஒட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். :-)

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசை தடவும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க நினைக்கிறவர்கள், ரோபோவுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் பிரஷ்ஷுக்கு ஒதுக்க வேண்டும். பிரஷ் சரியாக அமைந்தால் சாதாரண இயந்திரமே போதும். சில இடங்களில் இயந்திரமே வேண்டாம். பிரஷ் சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரோபோவும் ஒரே தப்பை ஒரு நாளைக்கு ஆயிரம் முறை துல்லியமாகச் செய்யும்.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஷூவை எடுத்துக்கொள்வோம்.

ஆம்பூர் என்றதும் நமக்கெல்லாம் பிரியாணிதான் ஞாபகம் வரும். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக்குச் சோறு போடுவது தோலும் ஷூவும். அந்தத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். ஒட்டு முறையில் ஷூ செய்வது இப்படி: லாஸ்ட் எனப்படும் கால் வடிவக் கட்டையின் மேல் அப்பரை இழுத்து மாட்டுவார்கள். சோல் ஒட்ட வேண்டிய ஓரத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். அந்த ஓரத்திலும் சோலிலும் பசை தடவுவார்கள். பசையைக் காயவிட்டு, சூடு காட்டி மறுபடி ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து பிரஸ்ஸில் அழுத்துவார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பசை கோட்டைத் தாண்டினால் ஷூவின் பக்கத்தில் கறை. கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டால் கொஞ்ச நாளில் சோல் வாயைப் பிளக்கும். நடுவில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

பசை தடவும் அக்கா ஒருவர் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்க என்னவெல்லாம் செய்கிறார் என்று பாருங்கள்.

1) பிரஷ்ஷை முக்கி எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் வழித்து, வேண்டிய அளவு மட்டும் வைத்துக்கொள்கிறார்.
2) தோல் தடிமனாக இருக்கும் இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறார், பள்ளத்தில் கூட்டுகிறார்.
3) முன்நுனி வளைவில் பிரஷ்ஷைச் சாய்த்துத் திருப்புகிறார்.
4) முடிக்கும்போது மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி, நூல் விடாமல் பசையை அறுக்கிறார்.
5) உதிர்ந்த முடி பசையில் கிடந்தால் பார்த்து எடுத்துப் போடுகிறார்.
6) பிரஷ் விறைத்துப் போனால் தின்னரில் அலசுகிறார், அல்லது மாற்றுகிறார்.

இந்த ஆறில் ஒன்றுகூட பிரஷ்ஷின் வேலை இல்லை. எல்லாம் கண்ணும் கையும் செய்கிற வேலை. நாம் கடையில் வாங்குகிற பிரஷ் இப்படியொரு கை பிடிக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. கையை எடுத்துவிட்டு அதே பிரஷ்ஷை ரோபோவின் நுனியில் கட்டினால், ஆறு வேலைக்கும் ஆள் இல்லாமல் போகிறது. 'ரோபோவுக்கு ப்ரோகிராம் சரியில்லை' என்று எல்லாரும் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். பாவம் அது.

இனி கொஞ்சம் இயற்பியல். தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

பிரஷ்ஷின் ஒவ்வொரு முடியும் ஒரு கான்டிலீவர். ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு, மறுமுனை சும்மா நிற்கிறது. அதன் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளத்தின் மூன்றாம் அடுக்கால் வகுபடும். அதாவது முடியின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு. நீளத்தைப் பாதியாக்கினால் 8 மடங்கு.

இதில் என்ன வந்தது? இதுதான் வந்தது: பசை முடியின் அடியில் போய்த் தங்கிக் காய்கிறது. 25 மி.மீ. நீள முடியில் அடிப்பக்கம் 10 மி.மீ. இறுகிவிட்டால், வளையக்கூடிய நீளம் 15 மி.மீ. தான். கணக்குப் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 4.6 மடங்கு! காலையில் பூப்போல இருந்த பிரஷ் மத்தியானத்துக்குள் துடைப்பக்கட்டை ஆகிவிடுகிறது. அக்காவின் கை இதை உணர்ந்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். ரோபோ காலையில் போன அதே பாதையில், அதே உயரத்தில் போகும். விறைத்த முடி பசையைத் தடவாது, வழித்துக்கொண்டு போகும்.

அடுத்தது பசையின் குணம். பாகுநிலை என்று பள்ளியில் படித்திருப்போம். ஆமணக்கு எண்ணெய் தண்ணீரைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு கெட்டி. ஷூ பசையும் ஆயிரத்திலிருந்து சில ஆயிரம் மடங்கு வரை வரும். ஆனால் எண்ணெய் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். இம்மாதிரிப் பசைகள் பல, வேகமாகத் தேய்த்தால் இளகும், விட்டால் மறுபடி கெட்டிப்படும். போஸ்டர் ஒட்டுகிற மைதா பசையில்கூட இதைப் பார்க்கலாம். ஆக, பிரஷ் ஓடும் வேகமும் முடியின் விறைப்பும் சேர்ந்துதான் அங்கே பசை எவ்வளவு கெட்டி என்பதையே தீர்மானிக்கின்றன. இரண்டில் ஒன்று மாறினாலும் படலத்தின் தடிமன் மாறும்.

'அப்படியென்றால் பிரஷ்ஷே எதற்கு? குழாய் வழியாகப் பீய்ச்சலாம், ஸ்ப்ரே அடிக்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. கார் தொழிற்சாலையில் முன்கண்ணாடி ஒட்டும்போது கெட்டியான பாலியூரித்தேன் பசையை ரோபோ குழாய் வழியாகத்தான் ஒரு தடித்த கோடாகப் போடுகிறது. அங்கே அது சரி. கண்ணாடியை அழுத்தும்போது பசை தானாகவே பரவி இடைவெளியை நிரப்பும். ஆனால் அதற்கு முன்னால் போடும் பிரைமரைப் பாருங்கள். அதை ஃபெல்ட்டோ பிரஷ்ஷோ வைத்துத் தேய்க்கிறார்கள். ஏனென்றால் பிரைமர் மெல்லிய படலமாக, பரப்பை நன்றாக நனைத்து உட்கார வேண்டும்.

ஷூவில் நமக்கு வேண்டியதும் இந்த இரண்டாவது வகை. சொரசொரப்பாக்கிய தோல் நாருக்குள் பசை இறங்க வேண்டும். மேலே கோடு போட்டால் போதாது, தேய்த்துவிட வேண்டும். ஸ்ப்ரே மெல்லிதாகத்தான் போடும், ஆனால் கோட்டுக்கு வெளியேயும் தெறிக்கும். தவிர, ரோபோ துல்லியமாக இருந்தாலும் தோல் துல்லியமாக இருக்காது. ஒரு மாட்டின் தோலிலேயே முதுகுப் பக்கம் ஒரு தடிமன், வயிற்றுப் பக்கம் வேறு தடிமன். அந்த வித்தியாசத்தை வளைந்துகொடுத்து வாங்கிக்கொள்ள ஏதாவது வேண்டும். முடி வளைகிறதே, அதுதான் இங்கே மலிவான சென்சார், மலிவான ஸ்பிரிங். இரண்டும் ஒன்றாக!

ஆகவே பிரஷ்ஷை ஒழிப்பது தீர்வில்லை. இயந்திரத்துக்கென்று ஒரு பிரஷ்ஷைச் செய்வதுதான் தீர்வு. எப்படி இருக்க வேண்டும்? என் பட்டியல்:

பசை கிண்ணத்திலிருந்து வரக்கூடாது. மூடிய தொட்டியிலிருந்து பம்ப் மூலம் பிரஷ்ஷின் நடுத்துளை வழியாக முடிகளுக்குள் வர வேண்டும். எவ்வளவு என்பதை பம்ப் தீர்மானிக்கட்டும். முக்குவது, வழிப்பது இரண்டும் ஒழிந்தது. புதுப் பசை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் அடிப்பக்கம் இறுகுவதும் குறையும்.

முடி குட்டையாக இருக்கட்டும். பெயின்ட் பிரஷ்ஷுக்கு நீள முடி வேண்டும், ஏனென்றால் அதுவே தொட்டி. பன்றி முடி நுனியில் பிளந்து பிளந்து இருப்பதும் பெயின்ட்டைப் பிடித்து வைக்க உதவுகிறது. இங்கே தொட்டி வேறெங்கோ இருப்பதால் முடி பிடித்து வைக்க வேண்டியதில்லை. குட்டையான, ஆனால் மெல்லிய இழை போதும். குட்டையானால் விறைப்பு கூடும், மெல்லியதானால் குறையும். இந்த இரண்டையும் வைத்து வேண்டிய விறைப்பைக் கணக்குப் போட்டே எடுக்கலாம்.

இழை எதில் செய்தது என்பது பசையைப் பார்த்துத்தான். 1938-ல் அமெரிக்காவில் நைலான் இழையில் பல் பிரஷ் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் நைலான் என்றாகிவிட்டது. நைலான் தண்ணீரை உறிஞ்சித் தளர்ந்துபோகும். தண்ணீரில் கரைத்த பசைக்கு பாலியெஸ்டர் வகை இழைகள்தான் விறைப்பு மாறாமல் நிற்கும்.

உதிரும் முடி கண்ணில் பட வேண்டும். சோலுக்கு அடியில் ஒரு முடி சிக்கினால் அங்கே ஒட்டு பலவீனம். பசையும் தோலும் இல்லாத ஒரு நிறத்தில், பச்சையோ நீலமோ, இழையைச் செய்தால் சாதாரண கேமராவே கண்டுபிடித்துவிடும். செலவு? சாயச் செலவுதான்.

கடைசியாக, வேலை இல்லாத நேரத்தில் பிரஷ் போய் உட்கார ஒரு மூடிய, ஈரமான கூடு வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் காற்றில் நிற்கும் பிரஷ், அதற்கப்புறம் பிரஷ் இல்லை.

இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். லேத்தும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

சரி, ஒரு ஷூ வாயைப் பிளந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு உண்மையான கோபம்.

கரைப்பானில் கரைத்த ஷூ பசையில் திடப்பொருள் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம். மிச்சம் அத்தனையும் ஆவியாகிக் காற்றில் போவதற்கென்றே இருக்கிறது. 1974-ல் முஸாஃபர் அக்சோய் என்ற துருக்கி மருத்துவரும் அவருடைய சகாக்களும், இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த செருப்புத் தொழிலாளர்கள் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்ததைப் பதிவு செய்தார்கள். பென்சீனுக்குப் பதில் ஹெக்சேன் வந்தபோது, கை கால் நரம்புகள் செயலிழக்கும் நோய் பல நாடுகளின் செருப்புப் பட்டறைகளில் வந்தது. டொலுவீன், எம்.இ.கே. போன்றவையும் தலைவலி, தலைசுற்றல் தருபவைதான்.

ஷூவின் மேல் தடவிய பசையின் ஆவியை, காயவைக்கும் சுரங்க அடுப்பில் உறிஞ்சி வெளியேற்றலாம். ஆனால் திறந்த கிண்ணம் அந்த அக்காவின் மூக்குக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு ஷிஃப்ட் முழுக்க. நடுத்துளை வழியாகப் பசை வரும் பிரஷ்ஷை ரோபோவிடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுத்தாலும் அந்தக் கிண்ணம் மறைந்துவிடும். எல்லா ஆவியும் போகாது, மேசையில் உறிஞ்சும் விசிறியும் வேண்டும்தான். ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கிண்ணம் போவது சின்ன விஷயமில்லை. ரோபோவுக்கு லட்சக்கணக்கில் பணம் சேரும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

'இயந்திரம் வந்தால் அந்த அக்காவின் வேலை போகுமே, அதற்கு என்ன சொல்கிறாய்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். வேலை போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். சில கைகள் குறையும். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் கையில் நல்ல பிரஷ். பிறகு, ஆவி அதிகமாக வரும் மேசையில் மட்டும் இயந்திரம். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, பசையின் பதம் தெரிந்த அதே அக்கா. பிரஷ் எப்போது விறைக்கும், மழை நாளில் பசை எப்படிக் காயும் என்பது மென்பொருளை விட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு லட்சம் கொடுத்து ஆலோசகரை வரவழைப்பது நம் ஊர் வழக்கம். அதை மாற்றினால் புண்ணியமாகப் போகும்.

கடைசியாக என் வகுப்பு மக்களுக்கு ஒரு வார்த்தை. இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் லைன் ஃபாலோயர், பெட்டியைத் தூக்கி வைக்கும் ரோபோ கை என்று வருடா வருடம் அதையேதான் செய்கிறோம். ஒரு மாறுதலுக்கு பிரஷ்ஷை எடுங்களேன். நூறு தகரத் தகடு, மைதா பசை (நாற்றமும் இல்லை, நஞ்சும் இல்லை), 0.01 கிராம் காட்டும் ஒரு தராசு. ஒவ்வொரு தகட்டையும் தடவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு கிராஃப் வரையுங்கள். முடி நீளத்தை மாற்றி மறுபடி. முக்கித் தடவுவதையும் நடுவிலிருந்து ஊட்டுவதையும் ஒப்பிட்டு மறுபடி. பார்ப்பதற்கு ரோபோ கை அளவுக்குக் கெத்தாக இருக்காதுதான். ஆனால் வைவாவில் 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்டால், முதல் தடவையாக நம்மிடம் ஒரு பதில் இருக்கும்.