ஓரடிக் கார்

“பொம்மைக் கார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கூட்டத்தாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். வரத்தானே செய்யும்? பொம்மைக் கார் என்றால் குழந்தை தரையில் உருட்டும். தாத்தாவின் காலில் இடறும். மூன்றாம் நாள் ஒரு சக்கரம் கழன்று பீரோவுக்கு அடியில் போய்ச் சேரும். நான் சொல்ல வந்த கார் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது. அதைச் செய்தவர் அதற்காகத் தம் ஆயுளில் இரண்டு மூன்று வருஷ மாலைப் பொழுதுகளைக் கொடுத்திருப்பார்.

கடையில் பெட்டி வாங்கி, உள்ளே இருக்கும் துண்டுகளை ஒட்டி முடிப்பது ஒரு வகை. அதுவும் லேசான காரியமல்ல. இத்தாலியில் டூரின் நகரத்து போச்சர் கம்பெனியார் 1960-களிலிருந்து விற்ற பெரிய பெட்டிகள் சிலவற்றில் ஆயிரத்துக்கு மேல் துண்டுகள் இருந்தன. ஆனால் நான் சொல்கிறவர்கள் பெட்டியே வாங்குவதில்லை. பித்தளைக் கம்பி, செப்புத் தகடு, அலுமினியத் தகடு, ஒரு மரக்கட்டை, கொஞ்சம் தோல். இவற்றிலிருந்து ஒரு பழைய பந்தயக் காரை ஆணி முதல் அப்படியே படைத்துவிடுகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜெரால்ட் விங்ரோவ் என்பவர் இதில் பெரிய கை. 1978-ல் இந்தக் கலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய மனைவி பில்லிஸும் வேலையில் கூட்டாளி என்பதை நம் வாசகிகளுக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஒரே ஒரு காரை எடுத்துக் கொள்வோம். பிரான்ஸில் மோல்ஷைம் என்ற ஊரில் எத்தோரே புகாட்டி தயாரித்த 35-ம் எண் கார். 1924-ல் லியோன் நகரத்துப் பந்தயத்தில் முதன்முதலாக ஓடியது. முகப்பில் குதிரை லாடம் போன்ற ரேடியேட்டர். பின்புறம் மீன் வால் போல் கூர்ந்து முடியும் உடம்பு. புகாட்டியின் தகப்பனார் அழகழகான மேஜை நாற்காலி செய்தவர். தம்பி மிருகச் சிலைகள் செய்த சிற்பி. அந்த வீட்டுப் பிள்ளை கார் செய்தால் அது எப்படி இருக்கும்? எஞ்சினைக்கூடப் பூஜைப் பாத்திரம் மாதிரி தேய்த்துச் சதுரம் சதுரமாக வைத்திருந்தார்!

இதைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கணக்கு நமக்குச் சுலபம்: அடி அங்குலமாகிவிடும். பன்னிரண்டு அடிக் கார் ஓரடியாகும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு அங்குலம்.

நம் வீட்டுக் கொலுப் படியில் கோபுரத்தைவிடச் செட்டியார் உயரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் குறை சொல்வதில்லை. இங்கே அது நடக்காது. பந்தயத்தில் அதிர்ந்து மரைகள் கழன்று விடாமலிருக்க, அவற்றைக் கம்பியால் பிணைத்து முறுக்கி வைப்பது புகாட்டியின் வழக்கம். அந்தக் கம்பி ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் சின்னக் காரில் அது தலைமயிர் கனம்தான் இருக்கலாம். அதை மரையிலுள்ள துவாரத்தில் கோத்து முறுக்க வேண்டும். துவாரத்தை முதலில் போட வேண்டும்! அதற்கு முன் அந்த மரையையே கடைந்தெடுக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற நமக்கு இதைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

சாயம் பூசுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிஜக் காரில் பூசுகிற கனத்திலேயே சின்னக் காரிலும் பூசினால், பன்னிரண்டு மடங்கு தடியாகப் பூசியதாகக் கண்ணுக்குப் படும். கால் மில்லிமீட்டர் விளிம்புகளெல்லாம் சாயத்துக்குள் மூழ்கிப் போகும். ஆகையால் பனி படிந்த மாதிரி மெல்லத் தெளிக்க வேண்டும், காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி தெளிக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஒரு தூசி வந்து உட்கார்ந்தால் அது நிஜக் காரில் ஒரு கூழாங்கல்லுக்குச் சமம்.

தோலும் அப்படித்தான். ஆட்டுத் தோலை அப்படியே ஆசனத்தில் போர்த்தினால் அதன் சொரசொரப்பு முதலைத் தோலாகக் காட்சி தரும். பழைய கையுறைத் தோல் போன்ற மெல்லிய தோலைத் தேடிப் பிடித்து, அதையும் உட்புறம் சீவிச் சீவி வெற்றிலைக் கனத்துக்குக் கொண்டு வருகிறார்கள். தையல்? நான்கு மில்லிமீட்டர் தையல் இங்கே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எந்த ஊசி அதைத் தைக்கும்? பல் வைத்த சிறு சக்கரத்தைத் தோலின்மேல் உருட்டித் தையல் மாதிரி தடம் பதித்து விடுகிறார்கள். எல்லாவற்றையும் நிஜமாகவே செய்வோம் என்று சபதம் எடுத்தவர்கள்கூட இந்த ஓர் இடத்தில் கண்ணை மூடிக் கொள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தகட்டு வேலை. உடம்பின் வடிவத்தை முதலில் மரத்தில் செதுக்கிக் கொண்டு, அதன்மேல் அலுமினியத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி வளைப்பார்கள். தட்டத் தட்டத் தகடு இறுகும். இன்னும் தட்டினால் விரிசல் விடும். அதை மறுபடி இளக வைக்கச் சூடு காட்ட வேண்டும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை செய்யாது. பேசாமலிருந்து திடீரென்று உருகி விழும். இதற்கு என்ன உபாயம் தெரியுமா? சோப்பு! சாதாரணச் சோப்பைத் தகட்டின்மேல் தடவிச் சூடு காட்டுவார்கள். சோப்புக் கறுத்ததோ இல்லையோ, நெருப்பை எடுத்துவிட வேண்டும். தகடு பக்குவமாகிவிட்டது என்று அர்த்தம். கம்பிப் பதம் பார்த்துப் பாகை இறக்குகிற கைகளுக்கு இதை விளக்க வேண்டுமா?

பிறகு காற்றுப் போகக் கார் மூடியில் வரிசை வரிசையாகச் சிறு செதிள்கள் திறக்க வேண்டும். கடைசிச் செதிள் கோணிப் போனால் முழு மூடியையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பம். சமையலறையில் நாம் இவ்வளவு கண்டிப்பாக இருந்தால் வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியாது.

இப்போது கம்ப்யூட்டரில் வரைந்தால் இயந்திரமே துண்டைப் படிப்படியாக வார்த்துத் தந்துவிடுகிறது. “அது கைவேலையா?” என்று பழைய கைகாரர்கள் கேட்கிறார்கள். வரைந்தவனும் அளவெடுத்துத்தானே வரைந்தான்? எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு. இத்தனை பாடுபட்டு எந்தக் காரைச் செய்கிறார்கள்? தொழிற்சாலையிலிருந்து புது மெருகோடு வந்த காரையா, பந்தயத்தில் ஓடிய காரையா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தப் புகாட்டியை ஓட்டியவர்களில் ஒரு பெண் உண்டு. எலிஸபெத் யூனெக். 1900-ல், இன்று செக் நாடு என்கிறோமே அங்கே, ஒலொமௌக் நகரில் பிறந்தவள். கணவர் செனெக் யூனெக் பாங்குத் தொழில் செய்தவர், கார்ப் பைத்தியம். முதல் மகாயுத்தத்தில் அவர் கையில் காயம் பட்டதால் கியர் மாற்றக் கஷ்டப்பட்டார். மனைவி ஓட்டக் கற்றுக் கொண்டாள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், பிறகு கணவரையே முந்தினாள்.

1928 மே 6-ம் தேதி, இத்தாலியின் ஸிஸிலித் தீவில் டார்கா ஃப்ளோரியோ பந்தயம். மலைப் பாதையில் சுற்றுக்கு 108 கிலோமீட்டர், ஐந்து சுற்று. இந்த அம்மாள் முன்னதாகவே போய்ப் பாதையை நடந்து பார்த்து, எந்தத் திருப்பத்தில் என்ன அடையாளம் என்று மனத்தில் வாங்கியிருந்தாள். அந்தக் காலத்தில் அப்படி யாரும் மெனக்கெடுவதில்லை. இரண்டாம் சுற்று முடிவில் எல்லோருக்கும் முன்னால் நின்றது அவளுடைய 35-பி கார்! கடைசியில் கார் தகராறு செய்ததால் பின்தங்கி ஐந்தாவதாக வந்தாள். ஜெயித்தவர் ஆல்பர்ட் டீவோ. ஆனால் நுவோலாரி போன்ற சூரர்களெல்லாம் அவளுக்குப் பின்னால்தான்.

மூன்று மாதம்கூட நிம்மதி இல்லை. ஜூலையில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில், அவள் கண்ணெதிரிலிருந்த அதே உலகம் அவளுடைய கணவரைக் கொண்டு போய்விட்டது. எலிஸபெத் பந்தயக் கார்களை விற்றாள். மறுபடி பந்தயத்தில் இறங்கவே இல்லை. துக்கம் மறக்கவும் புதிய தொழில் பார்க்கவும் நம் பக்கத்து இலங்கைக்குப் புறப்பட்டபோது, புகாட்டியே ஒரு பிரயாணக் காரை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1994 வரையில் வாழ்ந்தாள்.

ஆக, ஓரடிக் காரைச் செய்கிறவர் அந்த மே மாதக் காரைச் செய்ய நினைத்தால் என்ன செய்வார்? பழைய போட்டோக்களை நம்ப முடியாது. அந்தக் காலத்துப் பிலிம் பலவற்றில் சிவப்புக் கறுப்பாக விழும்; நீலம் வெளுத்துப் போகும். சாம்பல் நிறத்தைப் பார்த்து வர்ணத்தைச் சொல்வது ஜோசியம் மாதிரிதான். மாதிரிக் கார்க்காரர்களில் பாதிப் பேர் புழுதி வைக்க மாட்டார்கள். அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றியதன்மேல் மண்ணைப் பூச மனம் வராது. அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஓட்டுப் புழுதிக்குத்தான். ஸிஸிலி மலையில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடிய கார் பளபளவென்று நின்றால் அது பெண் பார்க்க உட்கார்ந்த கார். பந்தயக் கார் அல்ல.

டயரின் பள்ளங்களில் வெள்ளை மண்; மூடியைக் கட்டும் தோல் வாரில் எண்ணெய்க் கறை; வலப்பக்க ஆசனத்தில், உட்கார்ந்து உட்கார்ந்து மழமழத்துப் போன ஓர் இடம். மரத்தாலான ஸ்டீயரிங் வளையம் அங்குலம் ஒன்றரைக்குச் சற்றுக் குறைய இருக்கும். அதில் கை பிடித்த இரண்டு இடங்களில் மட்டும் மெருகைக் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும். ஆளைச் செய்து உட்கார வைக்கிற வழக்கம் இவர்களிடம் இல்லை. ஆசனம் காலியாகத்தான் இருக்கும்.