மேலே இருப்பவன் விரட்டுவானாம்!

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்கிற உரிமையில் கேட்கிறேன். ட்யூஷன் நடத்தும் தம்பிகளே, "ஹாலஜன் வரிசையில் மேலே இருப்பவன் கீழே இருப்பவனை உப்பிலிருந்து விரட்டுவான், எழுதிக்கோ" என்பது பாடமா, வாய்ப்பாடா?

குளோரின் நீரைப் பொட்டாசியம் புரோமைடு கரைசலில் ஊற்றினால் ஆரஞ்சு நிறம் வரும். அயோடினை ஊற்றினால் புரோமின் வராது. இதுவரை சரி. ஃப்ளூரினை உப்புத் தண்ணீரில் விட்டால்? குளோரின் வரும் என்று பையன் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறான். அது முதலில் தண்ணீர் மேலேயே பாயுமே ஐயா!

விரட்டுவது வரிசை அல்ல, எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு. திட்ட ஒடுக்க மின்னழுத்தம் ஃப்ளூரினுக்கு 2.87 வோல்ட், குளோரினுக்கு 1.36, புரோமினுக்கு 1.07, அயோடினுக்கு 0.54. கழித்துப் பார்த்தால் எது நடக்கும், எது நடக்காது என்று பிள்ளையே சொல்லிவிடும். கழித்தல் மூன்றாம் வகுப்புக் கணக்குதானே?

இன்னொன்று. பொட்டாசியம் குளோரேட்டோடு அயோடின் சேர்ந்தால் வெளியேறுவது குளோரின்! குளோரைடு வேறு, குளோரேட் வேறு. மிஞ்சும் பொட்டாசியம் அயோடேட்தான் நம் வீட்டு அயோடின் உப்பிலும் இருக்கிறது. உங்கள் வாய்ப்பாட்டில் இதற்கு இடம் எங்கே?

சோதனைக் குழாய் வாங்கக் காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபீஸ் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும்.