பாசியைத் திட்டாதீர்கள், சாக்கடையைக் கேளுங்கள்

"கண்மாய்த் தண்ணி பச்சையா இருக்கு, பிளீச்சிங் பவுடரைக் கொட்டுங்க" என்று ஆளுக்கு ஆள் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் கேட்கிறேன்: அந்தப் பச்சையில் ஒரு சொட்டையாவது லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா?

மழைத்தண்ணீர் நிற்கும் குளத்தில் வால்வாக்ஸ் என்றொரு பாசி உண்டு. குண்டூசித் தலையைவிடச் சிறிய பச்சை உருண்டை. அதில் 500 முதல் பல ஆயிரம் செல்கள் கூட்டுக்குடும்பமாக இருக்கும். ஒவ்வொரு செல்லும் இரண்டு கசையிழைகளைத் துடுப்பாகப் போட, உருண்டை வெளிச்சத்தைப் பார்த்து உருண்டு போகும். சந்ததியைப் பெறும் வேலை சில செல்களுக்கு மட்டுமே. குட்டி உருண்டைகள் தாய் உருண்டைக்குள்ளேயே வளரும்.

1700-இல் ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் இதைப் பார்த்து எழுதினார். 1933-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் தென்னிந்தியாவில் இப்படிக் கூட்டமாக வாழும் பாசிகளைப் பற்றியே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். நமக்கோ அது வெறும் அழுக்கு!

எல்லாப் பச்சையும் வால்வாக்ஸ் அல்ல, நல்லதும் அல்ல. வண்டியூர், செல்லூர் கண்மாய்களில் கலக்கும் கழிவுநீர்தான் பாசிக்கு உரம். உரம் மிஞ்சினால் பாசி மிஞ்சும். அது அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். பவுடர் போட்டால் பாசியோடு, அதைத் தின்னும் சிற்றுயிர்களும் சாகும். சாக்கடை மட்டும் நிற்காது. மறுபடி பச்சை வரும்.

கவுன்சிலரிடம் பவுடர் கேட்காதீர்கள். கண்மாய்க்குள் விழும் சாக்கடையை எப்போது அடைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.