அடைகாக்க மறந்த கோழி

காவிரிக் கரையில் அமைந்த ஊர் சேடர்பாளையம். ஊர்ப்பலகையில் வடவெழுத்தை ஏற்றி ‘ஜேடர்பாளையம்’ என்று எழுதியிருக்கின்றனர்; நாம் தமிழெழுத்தாலேயே எழுதுவோம். பரமத்தியை ஆண்ட அல்லாள இளையர் காவிரியை மறித்து இராசவாய்க்காலை வெட்டியது இவ்வூரிலேதான். அந்த வாய்க்கால் நீரால்தான் பரமத்திவேலூர் வட்டத்தில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் இன்றளவும் விளைகின்றன.

அண்மையில் அவ்வூர் அன்பர் ஒருவர் இல்லத்தில் உணவுண்ண நேர்ந்தது. அடுக்களைத் திட்டில் முட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. நகரத்துப் பேரங்காடியில் வாங்கிய நெகிழிப் பெட்டி அது. அதன்மேல் கோழி வளர்த்தவரின் பெயரில்லை, ஊரின் பெயரில்லை, ஒரு தமிழெழுத்தும் இல்லை. முழுவதும் ஆங்கிலம். அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எம்மை நோக்கி, அவ்வில்லத்து முதிய அன்னையார், “அப்பெல்லாம் முட்டைக்கு எவன் தம்பி காசு குடுத்தான்? கூடையைத் தூக்கினாக் கெடக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு நம் நெஞ்சை விட்டகலவில்லை. அதனை எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

நாமக்கல் மாவட்டம் முட்டை மாவட்டம் என்பதை உலகறியும். ஏறத்தாழ ஆயிரம் பண்ணைகள். ஐந்து கோடியளவிலான கோழிகள். நாளொன்றுக்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட முட்டைகள். மழை பொய்த்த மேட்டு நிலத்தில், வேளாண்மை கைவிட்டபோது, சரக்குந்து கட்டியும் கோழி வளர்த்தும் தம் உழைப்பாலேயே உயர்ந்தவர்கள் இம்மண்ணின் மக்கள். அவர்தம் ஊக்கத்தை நாம் குறைத்துரைக்க வரவில்லை. அவர்களும் நம்மவரே, அவர்கள் வாழவேண்டும் என்பதே நம் விழைவு. ஆயினும், நாள்தோறும் நான்கு கோடி முட்டைகளை இடுவிக்கும் இந்நிலம் அம்முட்டைக்கு உரிமையுடையதாக இருக்கின்றதா என்று கேட்பது நம் கடமை.

முதலில் கோழியைப் பார்ப்போம். கூண்டுகளில் நிற்பது நம் மண்ணின் கோழியன்று. இத்தாலிய வழிவந்து, மேலை நாடுகளில் பொறுக்கியெடுத்துப் பெருக்கப்பெற்ற வெள்ளை லெகார்ன் இனத்தினின்று உருவாக்கிய கலப்பினம் அது. அதன் தாய்க்கோழிகளை வைத்திருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க குஞ்சுபொரிப்பு நிறுவனங்களே. பண்ணையாளர் ஒவ்வொரு முறையும் அவர்களிடம்தான் குஞ்சுக்குக் கையேந்த வேண்டும்.

அடுத்தது தீனி. அதன் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். பெரம்பலூர்ப் பகுதியில் நாம் விளைவிக்கும் சோளம் போதாமல் கருநாடகத்தினின்றும் ஆந்திரத்தினின்றும் பீகாரினின்றும் வருகின்றது. சோயாவோ மத்தியப் பிரதேசத்தையும் மராட்டியத்தையும் நம்பியிருக்கின்றது. அங்கு மழை தவறினால் இங்குப் பண்ணையாளர் கண்ணில் நீர் தவறாது.

மூன்றாவது விலை. தரகர் பிடியினின்று பண்ணையாளரை விடுவிக்கவென 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கின்றது. ஆனால், அறிவித்த விலையினின்றும் காசு குறைத்தே வணிகர் எடுத்துச் செல்கின்றனர் என்று பண்ணையாளர் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். 2025 நவம்பரில் பண்ணை விலை ஆறு உருபாவைக் கடந்தது. அப்பொழுதும், முட்டையை உண்ணும் ஏழைக்கு அது சுமையாயிற்றேயன்றி, வளர்த்தவர் கையில் நின்றது எவ்வளவு என்பதை அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

கோழி பிறரது, தீனி பிறரது, விலையும் பிறர் கையில். கொட்டகையும் கடனும் மட்டுமே நம்முடையன!

இத்தகைய வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதைப் பறவைக் காய்ச்சல் காட்டிற்று. 2006 பிப்பிரவரியில் மராட்டிய மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் அந்நோய் கண்டது. இந்தியப் பண்ணைக் கோழிகளில் அஃது அறியப்பெற்றது அதுவே முதன்முறை. நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் அந்நோய் இல்லை. இருந்தும் என்ன? வெளிநாடுகள் இந்திய முட்டைக்குக் கதவடைத்தன. உள்நாட்டு மக்கள் அஞ்சி முட்டையைத் தொடவில்லை. விலை சரிந்து, முட்டைகள் தேங்கின. 2021 சனவரியில் கேரளத்து ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளுக்கு நோய் வந்தபோதும் இங்கு விலை சரிந்தது. 2025 பிப்பிரவரியில் ஆந்திரத்துக் கோதாவரி மாவட்டங்களில் கோழிகள் மடிந்தபோதும் இங்குள்ளோர் உறக்கமின்றிக் கிடந்தனர். நோய் எங்கோ, அடி இங்கே! முட்டையை வாங்குபவர் யாரென்று வளர்ப்பவர் அறியார்; வளர்ப்பவர் யாரென்று வாங்குபவர் அறியார். அறியாதவரிடையே அச்சம் பரவுவதற்கு ஒரு செய்தித்தாள் வரியே போதும். அடுத்த தெருவில் கோழி வளர்ப்பவரைக் கண்ணால் காண்பவர் அவ்வளவு எளிதில் அஞ்சமாட்டார். எழுபது பாகைச் செல்சியசு வெப்பத்தில் உள்ளும் புறமும் நன்கு வெந்த முட்டையில் அந்நச்சுயிரி வாழாது என்னும் எளிய உண்மையையும் அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

பெருக்கத்தை ஓரிடத்தில் குவித்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. ஒரே பண்ணையில் பல இலக்கம் கோழிகளை வளர்க்கும் நாடு அது. 2022இல் தொடங்கிய பறவைக் காய்ச்சலால் 2025 தொடக்கத்திற்குள் பதினாறு கோடிக்கு மேற்பட்ட பறவைகள் மடிந்தன அல்லது அழிக்கப்பெற்றன. பேரங்காடிகளின் முட்டைத் தட்டுகள் வெறுமையாயின; ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று அட்டை தொங்கவிட்டனர். 2025 மார்ச்சில் ஒரு பன்னிரண்டு முட்டையின் அளவை விலை ஆறு தாலரைக் கடந்தது. உலகிலேயே பெருஞ்செல்வ நாடென்று தருக்கும் நாட்டில் முட்டைக்குப் பஞ்சம்! அவ்வாண்டு சூனில் நம் நாமக்கல்லினின்று ஏறத்தாழ ஒரு கோடி முட்டைகள் அந்நாட்டிற்குக் கப்பலேறின. சிலர் அதனைப் பெருமையாகக் கொண்டாடினர். ஆகத்து மாதத்திலேயே அந்நாடு இந்தியப் பொருள்கள்மேல் ஐம்பது விழுக்காட்டு வரியை ஏற்றிவிட்டது. அயலார் நாவின் சுவைக்காக ஆயத்தமாகும் தொழில் அயலார் கையெழுத்து ஒன்றால் நின்றுபோகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நோயே இல்லாமலும் முட்டை இல்லாமற்போகும் என்பதற்கு இலங்கை சான்று. 2022இல் அத்தீவின் கருவூலத்தில் அயல்நாட்டுச் செலாவணி வற்றியது. வெளியினின்று வந்துகொண்டிருந்த கோழித்தீனி தட்டுப்பட்டது. தீனியின்றிக் கோழிகளைக் குறைத்தனர். 2023இல் இந்தியாவினின்று முட்டையைக் கப்பலில் தருவித்து உண்ணும் நிலைக்கு அந்நாடு தாழ்ந்தது. கோழி இருந்தும், கொட்டகை இருந்தும், வளர்க்கத் தெரிந்த கைகள் இருந்தும், தீனி பிறர் கையில் இருந்ததால் வந்த கேடு அது.

அமெரிக்காவின் குவிப்பும் இலங்கையின் சார்பும் ஆகிய இரண்டு குறைகளும் நம் நாமக்கல்லில் ஒருங்கே இருக்கின்றன. இதுவரை தப்பினோம் என்பதால் என்றும் தப்புவோம் என்பது உறுதியாகாது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்திற்குள் உள்ள கோழிகளையெல்லாம் அழிக்கவேண்டும் என்பது இன்றைய நடைமுறை. கொட்டகைகள் தோளோடு தோள் நிற்கும் பகுதியில் அவ்வட்டத்திற்குள் எத்தனை இலக்கம் கோழிகள் அடங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்து ஒன்றை நேர்மையோடு கூறவேண்டும். முற்றத்துக் கோழிக்கும் பறவைக் காய்ச்சல் வரும். நாட்டுக்கோழியாதலால் நோய் அண்டாது என்று கூறுவது அறியாமை. மேலும், நாட்டுக்கோழி ஆண்டிற்கு அறுபது முட்டை இட்டால் பெரிது. கூண்டுக் கோழி முந்நூறு இடுகின்றது. முற்றத்துக் கோழிகளைக் கொண்டே நாட்டிற்கெல்லாம் முட்டை தரலாம் என்று நாம் கனவு காணவில்லை. நாம் கூறுவது வேறு. பத்துக் கோழிகள் ஒரு வீட்டில் மடிந்தால் அவ்வீட்டிற்கு இழப்பு. பத்து இலக்கம் ஓரிடத்தில் மடிந்தால் ஒரு வட்டத்திற்கே பஞ்சம். விதையைப் பல வயல்களில் தூவுபவன் ஒரு வயல் பட்டாலும் பட்டினி கிடவான்.

கோழி தமிழர்க்கு நேற்று வந்த உறவன்று. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பது மற்றொரு பெயர். முருகன் கொடியில் நிற்பது சேவல். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரில் வீழ்ந்த மறவனுக்கு எடுப்பதுபோல, சண்டைச் சேவலுக்கு ஒரு நடுகல் எடுத்து எழுத்தும் பொறித்திருக்கின்றனர் நம் முன்னோர். சிறுவிடை, பெருவிடை என உடல்வாகால் பிரித்தும், நிறம் நிறமாகப் பெயரிட்டும் வளர்த்தவர்கள் நாம். பரமத்திவேலூரில் ஞாயிறுதோறும் கூடும் நாட்டுக்கோழிச் சந்தைக்குச் சென்று பாருங்கள். அப்பெயர்களெல்லாம் அங்கு இன்னும் உயிரோடிருக்கின்றன. கோழியும் முட்டையும் நம் பெண்டிரின் தனியுடைமை. ஆண்மகன் கையை எதிர்பாராமல், பிள்ளைக்குப் பலகையும் ஏடும் வாங்கித் தந்த காசு, அந்தக் கூடைக்கடியில் கிடந்த முட்டையின் காசு.

இனி, இவையனைத்தினும் நம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. கூண்டுக்குரிய அக்கலப்பினக் கோழி அடைகாப்பதில்லை. அடையிலமர்ந்த கோழி முட்டையிடாது. முட்டையிடாத நாள் முதலாளிக்கு இழப்பு. ஆதலின், அடைகாக்கும் இயல்பையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து உருவாக்கியிருக்கின்றனர். முந்நூறு முட்டை இடும். தன்னினத்தில் ஒரு குஞ்சைத் தானே பொரிக்க அறியாது. அடுத்த தலைமுறைக்கு அது நிறுவனத்தின் பொறியையே நம்பியிருக்கின்றது. நம் சிறுவிடைக் கோழியோ இருபத்தொரு நாள் அடையில் கிடந்து தன் வழியைத் தானே காக்கின்றது.

தமிழர்களே! இக்கோழியைப் பார்த்து நாம் நாணவேண்டாவா? பிள்ளைக்குத் தாய்மொழியை ஊட்டும் பொறுப்பை ஆங்கிலப் பள்ளிக்கு விட்டுவிட்டு, சம்பளமும் சலுகையும் மட்டும் இட்டுக்கொண்டிருக்கும் நாம் அடைகாக்க மறந்த கோழிகள் அல்லமோ? நம் வீட்டு முட்டையை விட்டு ஆங்கிலப் பெட்டி முட்டைக்குக் கைநீட்டும் மனமும், நம் வீட்டுச் சொல்லை விட்டு அயற்சொல்லுக்கு நாநீட்டும் மனமும் ஒன்றே. தன்னிடம் உள்ளது தாழ்வு, பிறர் பொதிந்து தருவது உயர்வு என்னும் அடிமை மனமே இரண்டிற்கும் கரணியம்.

செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, நம் கைக்குள் இருப்பதைச் செய்வோம். கிழமைக்கு ஒருமுறையேனும் முட்டையையும் காய்கறியையும் நம் ஊரில் விளைவிப்பவரிடமும், 1999 முதல் நடைபெற்றுவரும் உழவர் சந்தையிலும், ஊர்ச் சந்தையிலும் வாங்குவோம். ஓர் உருபா மிகுதியாயினும் அந்த உருபா நம் தெருவிலேயே சுற்றும். இடமுள்ளோர் நான்கு கோழி வளர்ப்போம். நோயுற்றதை விற்காமலும் மறைக்காமலும் கால்நடை மருத்துவரிடம் கூறும் ஒழுங்கையும் கடைப்பிடிப்போம்.

இரண்டாவது, மாநில அரசு செய்யத்தக்கது. 1989இல் பள்ளிப் பிள்ளைகளின் உணவில் முட்டை சேர்ந்தது. இன்று கிழமைக்கு ஐந்து முட்டைகள் தருகின்றனர். உலகிற்கே வழிகாட்டும் திட்டம் அது. அம்முட்டைகள் ஒப்பந்தப்புள்ளி வழியாகப் பெருநிறுவனங்களிடம் வாங்கப்பெறுகின்றன. ஒன்றியந்தோறும் சிறு பண்ணையாளர் கூட்டுறவும் மகளிர் குழுவும் அமைத்து, அவ்வவ்வூர்ப் பள்ளிக்கு அவ்வவ்வூர் முட்டையில் ஒரு பங்கையாவது வாங்கட்டும். தீனிச் சோளத்தைத் தமிழ்நாட்டிலேயே விளைவிக்க உழவர்க்கு உறுதியான விலை தரட்டும். நம் மண்ணின் கோழியினங்களைக் காத்துப் பெருக்குவதை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தலையாய பணியாக்கட்டும். பில்லறை வணிகத்தில் அயல்நாட்டு முதலை 2012இல் நடுவணரசு திறந்துவிட்டபோது தமிழ்நாடு மறுத்தது. அம்மறுப்பு ஏட்டோடு நில்லாமல் நம் அங்காடித் தெருக்களைக் காக்கும் செயலாகட்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் உணவுப் பெட்டியின் மேலும் அது விளைந்த ஊரின் பெயர் தமிழில் இருக்க ஆணையிடட்டும்.

மீண்டும் சேடர்பாளையத்துக்கே வருவோம். காவிரி பெருகி வரும்போது அது வெள்ளம், கரையை அழிக்கும். அதனை மறித்து வாய்க்காலாக்கி, வாய்க்காலை மடைகளாக்கி, மடையை வரப்புகளுக்குள் பிரித்துவிட்டவர் அல்லாள இளையர். பிரித்த நீரே வாழ்வாயிற்று. உணவும் அத்தகையதே. ஒரு சிலர் கையில் குவிந்தால் அது வெள்ளம். ஊர் ஊராகப் பிரிந்தால் அது பாசனம்.

அந்த அன்னையாரின் முற்றத்தில் கூடை இன்னும் கவிழ்ந்து கிடக்கின்றது. அதனடியில் ஒரு கோழியை அடையில் வைப்பதற்கு எந்த அரசின் ஆணையும் வேண்டா. கூடையைத் தூக்குக! கோழியை வைக்க! குஞ்சும் நம்முடையதாகட்டும், அதற்கு இடும் பெயரும் நம்முடையதாகட்டும்!