ஒரு தூண்டில் முள்ளில் உலகத்துப் பறவைகள்

பட்டு நூலும் சரிகையும் கொண்டு பூவேலை செய்யும் சகோதரிகளே! இம்மாதம் வேறொரு கைவேலையைப் பற்றிச் சொல்லப் போகின்றேன். ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆற்றங்கரைகளில் வளர்ந்த வேலை இது. துணிக்குப் பதிலாக ஒரு தூண்டில் முள். அதன்மேல் நூல், சரிகை, இறகு ஆகியவற்றைக் கட்டி, சமன் மீனைப் பிடிக்கப் போலி ஈ ஒன்றைச் செய்கின்றார்கள். (எமது கடைகளில் ‘சமன்’ என்று கேட்டு வாங்கும் டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன். உண்மையான சமன், குளிர்நாட்டு ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது.)

ஈ என்பது பெயரளவில்தான். உலகில் எந்த ஈயும் இப்படி இராது. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘ஜொக் ஸ்கொட்’ என்பதைப் பாருங்கள். முள்ளைச் சிறிய வைஸில் இறுக்கி, மெழுகு பூசிய நூலால் ஆரம்பிப்பார்கள். முதலில் வெள்ளிச் சரிகை, மஞ்சள் பட்டு. வாலுக்குச் சீனத்துப் பொன்னிறப் பெசன்ட் பறவையின் கொண்டை இறகு. அடுத்துத் தீக்கோழி இறகின் கருமையான சுற்று. உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு; நடுவே தென்னமெரிக்க டூகன் பறவையின் மஞ்சள் இறகு. கழுத்துக்குப் புள்ளி போட்ட கினிக்கோழி இறகு. சிறகுக்கு வான்கோழி, மயில், கானமயில், சாயமூட்டிய அன்னம் ஆகியவற்றின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மீண்டும் ஒரே இறகு போல் ஒட்டவைக்க வேண்டும். கை நடுங்கினால் அத்தனையும் குலைந்துவிடும். கன்னத்துக்கு இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. மெழுகுத்துளி போலப் பளபளப்பது. எமது நாட்டுக் காட்டுக்கோழி வேறு இனம்.

இவ்வளவும் எதற்கு? முட்டையிட ஆற்றுக்குள் வந்த சமன் மீன் இரை தேடி உண்பதே இல்லை. பின் ஏன் தூண்டிலைக் கவ்வுகின்றது? சினம் என்பார் சிலர், கடலில் உண்ட பழைய பழக்கம் என்பார் சிலர். அணில் மயிரும் மான்வால் மயிரும் கட்டிய மலிவான ஈக்கும் அது சிக்குகின்றது. இன்று ஆற்றில் வீசப்படுபவை பெரும்பாலும் அவைதான். ஆக, அந்த அலங்காரம் மீனுக்காக அல்ல. 1895இல் ஜோர்ஜ் கெல்சன் என்பவர் இந்த ஈக்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அதில் சொல்லப்பட்ட அரிய இறகுகளையே தேடிப் பிடித்துக் கட்டி, தண்ணீரில் நனைக்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அழகு பார்ப்போர் இன்றும் உள்ளனர்.

அழகு பார்ப்பதில் குறையில்லை. ஆனால் 2009 ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையின் ஜன்னலை இரவில் உடைத்து, 20 வயது மாணவர் ஒருவர் உள்ளே புகுந்தார். சங்கீதம் படித்தவர், ஈ கட்டுவதில் கெட்டிக்காரர். ஒரு பெட்டி நிறைய, 299 பறவைத் தோல்களை எடுத்துச் சென்றார். அல்பிரட் ரசல் வொலஸ் மலாய்த் தீவுகளில் அலைந்து சேகரித்த சொர்க்கப் பறவைகளும் அவற்றுள் அடங்கும். இறகுகள் ஏனைய ஈ கட்டுவோருக்கு விற்கப்பட்டன. 2010 நவம்பரில் பிடிபட்டார். 2011இல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. ஒருநாளும் சிறையில் கழிக்கவில்லை.

‘செத்த பறவைகள்தானே?’ என்று கேட்கலாம். ஒவ்வொரு பறவையின் காலிலும் சிறு சீட்டொன்று கட்டியிருக்கும்: எங்கே, எந்த நாளில், யார் பிடித்தது என்று. அச்சீட்டுத்தான் அதன் பெறுமதி. பழைய கடற்பறவைகளின் இறகுகளைச் சோதித்தே கடலில் பாதரசம் பெருகியதை அறிந்தார்கள். சேகரித்து வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளை ஒப்பிட்டே, டி.டி.டி. மருந்து வந்தபின் பருந்தினங்களின் முட்டைகள் மெலிந்ததைக் கண்டார்கள். நாளை எந்தக் கேள்விக்கு எந்தப் பறவை விடை சொல்லும் என்று இன்று யாருக்குத் தெரியும்?

சாயமூட்டிய கோழி, வாத்து இறகுகளால் அதே ஈயைக் கட்டுவோரும் இருக்கின்றனர். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டிரிங் நூதனசாலைக்குத் திரும்பி வந்த தோல்களில் பலவற்றின் காலில் சீட்டு இல்லை.