புதுக்கோட்டையின் கடைசித் தொண்டைமான்

வெள்ளையர் இந்தியாவை விட்டகன்ற 1947 ஆம் ஆண்டில் அந்நாட்டிலே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுதேச சமஸ்தானங்கள் இருந்தன. ஐதராபாத், காஷ்மீர், மைசூர், திருவிதாங்கூர் என்னும் பெரிய இராச்சியங்களின் கதையைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இவ்வாரம் எடுத்துக்கொள்வது, அவற்றின் முன்னே உள்ளங்கையளவாய்த் தோன்றும் புதுக்கோட்டையை. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களுக்கு நடுவே கிடந்த இந்நாட்டின் பரப்பு 1,178 சதுர மைல். 1941 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 38 ஆயிரம். நமது மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோர் சிலருக்கு இப்பெயர் புதிதன்று. அவர்தம் மூதாதையரிற் பலர் கடல் கடந்து வருமுன்னர் இந்தச் சீமையின் குடிகளாய் இருந்தவர்களே.

மாணவருக்குத் தொண்டைமான் என்றதும் கட்டபொம்மன் கதைதான் நினைவுக்கு வரும். 1799 ஆம் ஆண்டில், தம் நாட்டெல்லைக்குள் ஒளிந்திருந்த பாஞ்சாலங்குறிச்சி வீரனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தவர் அக்காலத்துப் புதுக்கோட்டை மன்னர் விசய ரகுநாத தொண்டைமான். 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த சினிமாப் படத்திற்குப் பிறகு அப்பழி பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. பழி பொய்யன்று. எனினும் புதுக்கோட்டையார் ஆங்கிலேயர் பக்கம் நின்றது அன்று தொடங்கியதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளி முற்றுகையிலும் ஐதர் அலியோடு நிகழ்ந்த போர்களிலும் கும்பினிக்கு உணவும் ஆளும் அனுப்பியவர்கள் அவர்கள். அதனாலேதான் சுற்றியிருந்த பாளையங்களெல்லாம் மறைந்தபோதும் இந்நாடு மட்டும் கப்பம் கட்டாத தனியரசாய்ப் பிழைத்தது. கீழாநிலைக் கோட்டையைக் கொடுத்தபோது ஆண்டுக்கொரு யானை தரவேண்டும் என்று கும்பினியார் நிபந்தனை விதித்தனராம். அந்த யானையை அவர்கள் வற்புறுத்திக் கேட்டதில்லை. பின்னர் நிபந்தனையையே நீக்கிவிட்டார்கள்!

இந்த மரபின் ஒன்பதாவது மன்னரும் கடைசி மன்னருமாகிய இராசகோபாலத் தொண்டைமான் 1922 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் திகதி பிறந்தார். அவர் முந்திய அரசரின் மைந்தர் அல்லர். அரசுரிமை அவரை வந்தடைந்த வகையை அறிய வேண்டுமாயின் ஒரு கல்யாணக் கதையைக் கேட்க வேண்டும்.

முந்திய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886 இல், சிறு வயதிலே பட்டத்துக்கு வந்தவர். அவரும் தமக்கு முன்னிருந்த மன்னரின் மகள் வயிற்றுப் பேரர்; தத்தெடுக்கப்பட்டவர். ஆங்கிலக் கல்வியும் மேனாட்டு நடையுடையும் கைவந்தவர். பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எனப் புகழ்பெற்ற புதுக்கோட்டைப் பெண், ஆண்கள் மாத்திரம் பயின்ற மகாராஜா கல்லூரியிற் சேர வந்தபோது, எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது இடமளிக்கச் செய்தவர் இவரே. இந்த ஒன்றுக்காகவேனும் இவரை நாம் மறத்தலாகாது.

1915 ஆம் ஆண்டில் மார்த்தாண்டர் அவுஸ்திரேலியாவில் மொலி பிங்க் என்னும் பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி எனப் பெயரிட்டனர். பிரித்தானிய அரசாங்கத்தாருக்கோ இது பொறுக்கவில்லை. ஐரோப்பியப் பெண் ஒருத்தி இந்திய ராஜாவின் ராணியாவதா என்பது அவர்கள் கேள்வி. அவ்வம்மையாருக்கு ராணிப் பட்டத்தை மறுத்தார்கள். குழந்தைக்கு அரியணை உரிமை கிடையாதென்றார்கள். சமஸ்தானத்திலும் இம்மணத்தை விரும்பாதார் பலர் இருந்தனர். மனைவியோடு புதுக்கோட்டைக்கு வந்த மன்னர் சில மாதங்களே தங்கி மீண்டும் புறப்பட்டார். 1921 இல், ஒரு பெருந்தொகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு வெளிநாட்டிலேயே வாழ உடன்பட்டார். நாட்டை அவருடைய சகோதரர் ராஜப்பிரதிநிதியாக இருந்து நடத்தினார். 1928 ஆம் ஆண்டு மே மாதம் மார்த்தாண்டர் பாரிஸ் நகரில் இறந்தார். அவரது உடல் இலண்டனில் தகனஞ் செய்யப்பட்டது. மொலி அம்மையார் 1967 வரை வாழ்ந்து பிரான்ஸ் நாட்டில் மறைந்தார்.

பன்னிரண்டு வயதுச் சிட்னிக்குக் கிடைக்காத சிம்மாசனத்தில், அதே ஆண்டு நவம்பரிலே, ஆறு வயது இராசகோபாலர் ஏற்றப்பட்டார். இரு சிறுவருள் யார் அரசர் என்பதை முடிவு செய்தது குலமுமன்று, குடிகளுமன்று. வெள்ளைக்கார அரசாங்கத்தின் உத்தரவு ஒன்றே. பீரங்கி மரியாதை பெற்ற சமஸ்தானங்களின் மெய்யான பலம் எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. குண்டு முழங்கும் மரியாதை புதுக்கோட்டைக்கும் இருந்தது. குண்டு முழங்கினால் போதுமா?

சிறுவர் வளர்ந்தார், நாட்டை அதிகாரிகள் ஆண்டனர். 1934 முதல் 1946 வரை அலெக்சாந்தர் டாட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேயர் நிருவாகியாக இருந்தார். முழு அதிகாரம் மன்னர் கைக்கு வந்தது 1944 இல். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. குடிகள் அவரிடம் நெருக்கமாய்க் கண்டது அதிகாரத்தைவிட மரபையே எனலாம். புதுக்கோட்டை மன்னர்கள் திருக்கோகர்ணத்து அம்மனாகிய பிருகதம்பாளின் தாசர் என்றே தம்மைக் கூறிக்கொள்வர். நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட சின்னஞ்சிறு செப்புக் காசுக்கு ‘அம்மன் காசு’ என்று பெயர். ஒரு பக்கம் அம்மன் உருவம். மறுபக்கம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. தமிழ் நாட்டரசின் காசிலே தெலுங்கு எழுத்து பொறித்து, அதை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலே அடித்து வாங்கிய விந்தையையும் வரலாறு காட்டுகிறது.

முழு அதிகாரம் நான்காண்டு நிலைத்தது. 1948 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆம் திகதி புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. அன்று மன்னருக்கு வயது இருபத்தைந்து. அவர் உவந்து கொடுத்தாரா, வேறு வழியின்றிக் கொடுத்தாரா என்று வாசகர்கள் வினவலாம். கடற்கரையும் இல்லாது, நாற்புறமும் இந்தியாவே சூழ்ந்த சிறுநாட்டுக்கு வேறு வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வழியில்லாத இடத்திலும் பிடிவாதம் செய்தவர் உண்டு. அதே ஆண்டு செப்டெம்பரிலே இந்தியப் படை புகுந்த பின்னரே ஐதராபாத் நிஜாம் பணிந்தார். அங்கே சிந்திய இரத்தம் கொஞ்சமன்று. புதுக்கோட்டையில் ஓர் உயிரையேனும் தம் பட்டத்துக்காக இழக்க இளைஞர் இராசகோபாலர் எண்ணவில்லை. அம்மட்டில் அவரை நாம் பாராட்டவே செய்வோம்.

1971 இல் இந்தியப் பாராளுமன்றம் மன்னர் மானியங்களையும் பட்டங்களையும் ஒழித்தது. இராசகோபாலர் மணம் புரியாமலே வாழ்ந்து, 1997 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி, எழுபத்துநான்காம் வயதிற் காலமானார். அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1974 இல், புதுக்கோட்டை தனி மாவட்டமாக்கப்பட்டபோது, தொண்டைமான்களின் அரண்மனை மாவட்ட ஆட்சியரின் அலுவலகமாயிற்று. நம் ஊர்க் கச்சேரி போன்றதே அது. முன்னர் அரசரைக் காண அனுமதி வேண்டிக் காத்துநின்ற குடிகளின் பேரப்பிள்ளைகள், கிணற்றுக்கும் காணிப் பட்டாவுக்கும் மனுவெழுதி எடுத்துக்கொண்டு அதே படிகளில் ஏறிச் சென்றனர்.